சுங்குடித் துண்டில் எட்டு முனை நட்சத்திரம்: எங்கே கோணுகிறது, எதைப் பிரிப்பது

வீட்டில் பழைய சுங்குடிச் சேலை நாலைந்து சேர்ந்துவிட்டது, கரித்துணியாக்க மனசு வரவில்லை, சரி, துண்டு போட்டு ஒரு போர்வை தைப்போம் என்று ஊசியைக் கையில் எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிஷின் கிடையாது, எல்லாம் கையால்தான். "ஏன் தாயி, மிஷின்ல ஓட்டுனா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்ல" என்று பக்கத்து வீட்டு அத்தை தினமும் கேட்கிறார்; முடிந்துவிடும்தான், ஆனால் இந்த நட்சத்திரக் கட்டத்தில் மிஷின் தடுமாறுகிற ஒரு இடம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

கட்டம் எது என்றால், குயில்ட், அதாவது துண்டு சேர்த்த போர்வை தைக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எட்டு முனை நட்சத்திரம். அமெரிக்காவில் லெமாய்ன் ஸ்டார் என்பார்கள், அது பேச்சில் தேய்ந்து லெமன் ஸ்டார் என்றும் ஆகிவிட்டது. சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி எட்டு வைரத் துண்டு, நாலு மூலையில் நாலு சதுரம், இடையில் நாலு முக்கோணம். வைரத்தின் பக்கம் 3½ இன்ச் என்று வைத்தால் தைத்து முடித்த கட்டம் 12 இன்சுக்கு ஒரு நூல் குறைவாக வரும். இதில் என் சேர்க்கை, மூலைச் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரு மாங்காய். மேல் துணியை மாங்காய் வடிவத்தில் திறந்து, ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, அடியில் வைத்த மஞ்சள் துணி அந்தச் சன்னல் வழியாகத் தெரியும்படி விடுவது. ரிவர்ஸ் அப்ளிக் என்பது இதுதான். மதுரைப் புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன டெய்லர்கள் கோயிலில் தொங்கவிடுகிற துணித் தொம்பைக்கும் சாமிக் குடைக்கும் பூ வெட்டி மேலே வைத்துத் தைப்பார்களே, அதற்கு நேர் தலைகீழ்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு கண்ணில் படுகிற இடத்தில் கத்திரியை வைக்காதீர்கள். நடு உப்பினால் தப்பு பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும், ஓரம் சுருங்கினால் வைரம் வரைய வெட்டின அளவு அட்டையில் இருக்கும், மாங்காய் முனை பிய்ந்தால் அதற்கு முந்தின அரை இன்சில் இருக்கும். இரண்டு படி பின்னால் போய்ப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

எட்டு வைரமும் ஒரே அளவில் இல்லை

அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒன்று கொஞ்சம் பெரிதாக, ஒன்று கொஞ்சம் சாய்வாக இருக்கிறதா? அட்டையைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டியிருந்தால் பத்துப் பதினைந்து தடவை பென்சில் ஓடியதும் ஓரம் மழுங்கிவிடும், கடைசியாக வரைந்த வைரம் முதல் வைரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி அதில் வெட்டிக்கொள்ளுங்கள், தேயாது, உள்ளே துணியின் புள்ளியும் தெரியும். நாலு மூலையிலும் ஊசியைச் சூடாக்கி ஒரு துளை போட்டுக்கொண்டால் பென்சில் முனையால் மூலைப் புள்ளியைக் குறிக்கலாம். அந்தப் புள்ளிகள் இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தைக்கவே முடியாது என்பேன்.

துணி வரையும்போது நகர்ந்தால் அடியில் ஒரு உப்புத்தாளைப் போட்டு அதன்மேல் துணியை விரியுங்கள், அசையாது.

இன்னொரு காரணம் சுங்குடிக்கே உரியது. கட்டுச் சுங்குடி என்றால், அதாவது பிரிண்ட் அடிக்காமல் நிஜமாகவே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது என்றால், ஒவ்வொரு புள்ளியிலும் துணி லேசாகக் குமிழ் விட்டு நிற்கும். அந்த நெளிவோடு அளந்து வெட்டினால், பிறகு இஸ்திரி போட்டதும் துண்டு பெரிதாகிவிடும். சேலையைத் துவைத்து, கஞ்சி முழுக்கப் போக அலசி, நன்றாகத் தேய்த்துவிட்டு அப்புறம் வரையுங்கள். புதுச் சுங்குடி வாங்கினவர்கள் இதை இரண்டு தடவை செய்ய வேண்டும், நம்ம ஊர்க் கஞ்சி அவ்வளவு சீக்கிரம் விடாது. முழுக்கக் கஞ்சி போன துணி கையில் குழைகிறது என்றால் வெட்டுவதற்கு முன் நீங்களே மெல்லிசாகக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை.

டெய்லரிங் கிளாஸ் போய் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மிஷினில் வெட்டின ஓரத்தைப் பார்த்து ஓட்டுவீர்கள். கையால் தைக்கும்போது பென்சில் கோடுதான் அளவு. தையலுக்கு விடுகிற கால் இன்ச் கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது, கோடு தப்பினால் எல்லாம் தப்பும். முதலில் கோடு வரைந்து, பிறகு கோட்டுக்கு வெளியே கால் இன்ச் விட்டுக் கண்ணளவிலேயே வெட்டலாம்.

நட்சத்திரம் நடுவில் எழும்பி நிற்கிறது, அல்லது ஓரம் பாவாடை மாதிரி அலைகிறது

எனக்கு அதிகமாக வருகிற கேள்வி இது. என்னிடம் தைக்கக் கற்றுக்கொண்ட ஒரு பெண், "அக்கா, நடுவுல கோபுரம் எந்திரிச்சு நிக்குதுக்கா" என்று போட்டோ அனுப்பியிருந்தாள். இரண்டும் ஒரே நோய்தான், திசை மட்டும் வேறு.

தரையில் போட்டு நடுவை உள்ளங்கையால் அமுக்குங்கள். நடு படிய மறுத்துக் குடை மாதிரித் துள்ளி எழுந்தால், எட்டு வைரத்தின் கோணமும் கூடி 360 டிகிரிக்குக் குறைவாக இருக்கிறது என்று பொருள்; வெளி ஓரத்துப் பக்கம் துணியை அதிகம் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள். நடு அமைதியாகப் படுத்து, ஓரம் மட்டும் அங்கிட்டு இங்கிட்டு அலைந்தால் கோணம் 360க்கு மேலே போயிருக்கிறது, வெளி ஓரத்தில் குறைவாகப் பிடித்திருக்கிறீர்கள். ஒரு வைரத்துக்கு 45 டிகிரி. அட்டையில் ஒரே ஒரு டிகிரி தப்பினால் எட்டு வைரத்தில் எட்டு டிகிரி ஆகிறது, அது 3½ இன்ச் தூரத்தில் கிட்டத்தட்ட அரை இன்ச் துணி. அரை இன்ச் துணி எங்கே போய் ஒளியும்?

ஆகவே முதலில் அட்டையைச் சோதியுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் புள்ளி வைத்து, அட்டையைச் சுற்றிச் சுற்றி எட்டு தடவை வரையுங்கள். எட்டாவது வைரம் முதல் வைரத்தின் கோட்டில் வந்து உட்கார வேண்டும். இடைவெளி விட்டாலோ மேலே ஏறினாலோ அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள். பென்சில் முனை மொட்டையாக இருந்தாலும் இதே கூத்துதான், கோடு அட்டைக்கு வெளியே அரை மில்லிமீட்டர் தள்ளி விழும், பதினாறு ஓரத்தில் அரை அரையாகச் சேர்ந்தால் கணக்கு உங்களுக்கே தெரியும்.

அட்டை சரி, கோடு சரி, ஆனாலும் அலைகிறது என்றால் துணி இழுபட்டிருக்கிறது. வைரத்தை வெட்டும்போது அதன் இரண்டு பக்கம் நேர் இழையில் வந்தால் மற்ற இரண்டு பக்கம் கட்டாயம் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாகத்தான் வரும், 45 டிகிரி என்பதால் முழுக் கிராஸ், தொட்டாலே நீளும். எட்டு வைரத்தையும் ஒரே திசையில் வைத்து வெட்டியிருந்தால், ஒவ்வொரு தையலிலும் ஒரு நேர் ஓரமும் ஒரு கிராஸ் ஓரமும் ஜோடி சேரும், நேர் ஓரம் மற்றதை இழுபடாமல் பிடித்துக்கொள்ளும். துணி மிச்சம் பிடிக்க அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்து வெட்டினாலோ, புள்ளி வரிசை அழகாக வரட்டும் என்று இழையைக் கவனிக்காமல் வெட்டினாலோ, இரண்டு கிராஸ் ஓரங்கள் ஒன்றாகச் சேர்ந்து தைக்கும்போதே நீண்டுவிடும். புள்ளி அழகுக்காக நானும் இப்படி வெட்டுவது உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்போது ஓரம் கையில் தடதடவென்று இழுபடாமல், நாலு ஊசிக்குப் பதில் எட்டு குண்டூசி குத்தி, மடியில் வைக்காமல் பலகைமேல் வைத்துத் தைக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியும் ஒரு குற்றவாளி. தேய்க்காதீர்கள், வைத்து எடுங்கள். கட்டம் முடியும்வரை நகத்தால் அமுக்கி மடித்தாலே போதும்.

பிரிக்காமல் தப்பிக்க முடியுமா? நடு லேசாக, அரிசி மணி உயரத்துக்கு எழும்புகிறது என்றால் ஈரத்துணி போட்டு அமுக்கி இஸ்திரி வைத்தால் அடங்கும், மிச்சம் போர்வையாகச் சேர்த்துத் தைக்கும்போது மறையும். அதற்கு மேல் என்றால் எட்டுத் தையலையும் பிரிக்க வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்று நாலு தையலை எடுத்துக்கொண்டு, வெளி முனையில் இருந்து பாதி நீளம் மட்டும் பிரித்து, குடையாக நின்றால் கோட்டுக்கு ஒரு இழை வெளியேயும், அலைந்தால் ஒரு இழை உள்ளேயும் மறுபடி தையுங்கள். நடுப் பாதியைத் தொடாதீர்கள், அங்கே தொட்டால் அடுத்த தலைவலி ஆரம்பம்.

எட்டு முனையும் சேருகிற இடத்தில் ஓட்டை

காரணம் பெரும்பாலும் முடிச்சு. மூலைப் புள்ளியிலேயே முடிச்சைப் போட்டுத் தொடங்கினால் முடிச்சின் தடிமன் ஒவ்வொரு முனையையும் கொஞ்சம் தள்ளி நிறுத்தும். புள்ளிக்கு ஒரு தையல் உள்ளே ஆரம்பித்து, புள்ளிக்குப் பின்னால் போய், அங்கிருந்து மறுபடி முன்னால் வாருங்கள். முடிச்சு உள்ளே தங்கிவிடும், புள்ளியில் பின்தையல் மட்டும் இருக்கும்.

நாலு வைரம் ஒரு பாதி, நாலு வைரம் இன்னொரு பாதி என்று தைத்துவிட்டு, இரண்டு பாதியையும் நீளமாக ஒரே தையலில் சேர்ப்பதுதான் வழக்கம். நடுப்புள்ளிக்கு வரும்போது பின்னால் குவிந்திருக்கிற மடிப்புகளின் மேலேறித் தைக்கக் கூடாது. புள்ளிக்கு முன் ஒரு பின்தையல், பிறகு ஊசியை மடிப்புகளின் அடிவேர் வழியாக அந்தப் பக்கம் நுழைத்து எடுத்து, அங்கே ஒரு பின்தையல். மடிப்புகள் தைக்கப்படாமல் சும்மா நிற்கும். முடித்துத் திருப்பிப் பார்த்தால் எட்டையும் ஒரே திசையில் ராட்டினம் மாதிரிப் படியவைக்கலாம், நடுவில் கட்டியும் வராது.

ஏற்கெனவே ஓட்டை விழுந்துவிட்டதா? கடுகு அளவு என்றால் பின்பக்கமிருந்து எட்டு முனை வழியாகவும் ஒரு நூலை வட்டமாக ஓட்டிச் சுருக்குப்பை மாதிரி இழுத்து முடிந்துவிடுங்கள். மிளகு அளவுக்கு மேலே போனால் நீளத் தையலின் நடு இரண்டு இன்சை மட்டும் பிரித்துத் திரும்பத் தைப்பதுதான் வழி. மேலே ஒரு பட்டனை வைத்துத் தைத்து மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், போர்வையில் படுத்துப் பார்த்தால் அப்புறம் வைக்கமாட்டார்கள்.

சதுரத்தையும் முக்கோணத்தையும் வைரங்களுக்கு நடுவே பொருத்தும்போது மூலையில் ஒரு கொசுவம்

மிஷின் தடுமாறும் என்று சொன்னேனே, அது இந்த இடம்தான். மூன்று துண்டு ஒரு புள்ளியில் சந்திக்கிறது. மிஷின் பழக்கத்தில் ஓரம் முதல் ஓரம்வரை தைத்துவிட்டால் கால் இன்ச் மடிப்பும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும், உள்மூலையைத் திருப்ப வழியில்லாமல் துணி கொசுவமாக நிற்கும். வைரங்களைச் சேர்க்கும்போதே கோட்டின் முடிவுப் புள்ளியில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு தையல்கூடப் போகக் கூடாது. பிறகு சதுரத்தின் ஒரு பக்கத்தை வெளியிலிருந்து உள்மூலைப் புள்ளிவரை தைத்து, அங்கே ஒரு பின்தையல் போட்டு, நூலை அறுக்காமல் சதுரத்தைத் திருப்பி, அடுத்த வைரத்தின் ஓரத்தோடு சேர்த்துத் தொடருங்கள்.

கொசுவம் விழுந்துவிட்டால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. புள்ளியைத் தாண்டிப் போன இரண்டு மூன்று தையலை மட்டும் எடுத்துவிட்டால் துணி தானாகவே மூச்சுவிட்டுப் படியும். இவ்வளவுதானா என்று தோன்றும்.

மேலிருந்து பார்த்தால் தையல் ஏணி மாதிரித் தெரிகிறது

தையல் நீளம், அல்லது நூல் தளர்வு. ஒரு இன்சுக்கு எட்டில் இருந்து பத்து நூலோட்டம் இருக்க வேண்டும், ஒவ்வொரு தடவை ஊசியை முழுக்க இழுக்கும்போதும் ஒரு பின்தையல். இறுக்கி இழுத்தால் பழைய சேலைத்துணி உடனே சுருங்கும். ஒரு பக்கம் தைத்து முடித்ததும் நூலை முடிவதற்கு முன் தையல்மேல் நகத்தை ஓட்டி நீவிவிடுங்கள்.

நூல் முறுக்கிக்கொண்டு நடுவில் முடிச்சு விழுந்தால் நூல் நீளம். ஒரு முழம் போதும், 18 இன்ச். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பல்பட்டு இரண்டு முழம் எடுத்தால் கடைசி அரை முழம் துணியில் உரசியே நைந்துவிடும். ஊசி பத்தாம் நம்பர் மெல்லிசு ஊசி. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், கடையில் மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். சித்திரை மாதத்தில் விரல் வேர்த்து ஊசி நழுவினால் கொஞ்சம் முகப் பவுடர்.

மாங்காயின் வளைவு முக்குமுக்காக வருகிறது

இனி சன்னல் வேலை. இங்கே எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு குழப்பம் உண்டு. சாதாரண அப்ளிக் பழகினவர்களுக்கு எந்த வளைவில் கத்திரி வெட்டு கொடுக்க வேண்டும், எதில் வேண்டாம் என்று கை தானாகவே போகும். இதில் எல்லாம் தலைகீழ். மாங்காயின் தொந்திப் பக்கத்தில், மடிக்க வேண்டிய துணி உள்வளைவாக நிற்கிறது. அதை வெளிப்பக்கமாக மடிக்கும்போது ஓரம் எட்டாமல் இழுக்கும், அங்கே சின்னச் சின்ன வெட்டு வேண்டும். மாங்காயின் கழுத்து வளைகிற இடத்தில் மேல் துணி ஒரு நாக்கு மாதிரிச் சன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது. அங்கே வெட்டு வேண்டாம், வெட்டினால் பிசிறுதான் மிச்சம். அங்கே செய்ய வேண்டியது மடிப்பை இன்னும் ஒடுக்கமாக நறுக்குவது. எட்டிப் பார்க்கிற துணியை நறுக்கு, சுற்றி நிற்கிற துணிக்கு வெட்டுக் கொடு. நான் இப்படித்தான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

தொந்திப் பக்கம் முக்குமுக்காக வந்தால் வெட்டுகள் ஆழமாகப் போயிருக்கும், எண்ணிக்கை குறைவாக இருக்கும். ஒவ்வொரு ஆழமான வெட்டும் ஒரு மூலையை உண்டாக்கும். மடிப்பின் அகலத்தில் பாதி, மிஞ்சினால் முக்கால் பங்குவரை மட்டும், நெருக்கமாக வெட்டுங்கள். மடிப்பே கால் இன்ச் இருந்தால் அதுவும் தப்பு, துண்டு சேர்க்கத்தான் கால் இன்ச், இங்கே அதில் பாதி போதும்.

முழு மாங்காயையும் ஒரே மூச்சில் வெட்டித் திறந்துவிடாதீர்கள். ஒரு இன்ச் வெட்டி, அதை மடித்துத் தைத்து, அடுத்த ஒரு இன்ச். வெட்டாத துணி மீதித் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். மடிப்பதற்கு ஊசி முனை வழுக்கினால் ஒரு ஈர்க்குச்சியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி அதால் ஓரத்தை உள்ளே தள்ளிப் பாருங்கள், துணி குச்சியைப் பிடித்துக்கொண்டு வழவழவென்று உள்ளே போகும். விளக்குமாற்றில் இருந்து உருவும்போது புது விளக்குமாறாகப் பார்த்து உருவுங்கள், சொல்ல வேண்டியதில்லை.

தைத்த பிறகு முக்கு தெரிந்தால் அந்த இடத்தில் நாலு தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருக்கும் வெட்டு முனைகளை ஈர்க்குச்சியால் விசிறி மாதிரிப் பரப்பி, தையலை முன்பைவிட நெருக்கிப் போடுங்கள்.

மாங்காயின் கூர்முனையில் பிசிறு எட்டிப் பார்க்கிறது

சன்னலின் கூர்முனையில் மேல் துணிக்கு மடிப்பே கிடையாது. முனைவரை கத்திரி போனால்தான் இரண்டு பக்கமும் மடியும், முனையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு இழை. அங்கே பிய்ந்துபோகிறதென்றால் இரண்டில் ஒன்று. வெட்டு கோட்டைத் தொட்டுவிட்டது. ஒரு இழை முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் முனைக்கு வரும் முன்பே மடிப்பை அதிகம் உள்ளே தள்ளி, அந்த இழுப்பில் முனை கிழிந்திருக்கிறது.

முதல் பக்கத்தை முனைக்கு அரை இன்ச் இருக்கும்போதே தையலை நெருக்க ஆரம்பியுங்கள். முனையை முன்கூட்டியே வெட்டி வைக்காமல், ஊசி கால் இன்ச் பக்கத்தில் வந்த பிறகு வெட்டுங்கள், வெட்டின அடுத்த நிமிடம் தைத்துவிட வேண்டும், காபி குடித்துவிட்டு வரலாம் என்று வைத்தால் போச்சு. ஈர்க்குச்சியை முனையில் ஒரே ஒரு தடவை சுழற்றி இழையை அடியில் சுருட்டுங்கள், திரும்பத் திரும்பக் கிண்டினால் இழை ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். சரியாக முனையில் ஒரு தையல் மட்டும் மேல் துணியில் இரண்டு மூன்று இழை கடித்து வர வேண்டும். அந்த ஒரு தையல் கண்ணுக்குத் தெரியும், தெரியட்டும்.

ஏற்கெனவே பிய்ந்ததைக் காப்பாற்ற, பென்சிலால் முனையை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி, கூர்மையைக் கொஞ்சம் உருட்டி வரைந்துகொண்டு அந்தக் கோட்டில் திரும்ப மடியுங்கள். ஒட்டுமாங்காய்க்கு மூக்கு மழுங்கினால் என்ன. அதுவும் முடியாத அளவுக்குப் போய்விட்டால், முனையைச் சுற்றி அதே நிற நூலில் சங்கிலித் தையல் போட்டு ஒரு இலை மாதிரி மூடிவிடலாம், நாலு மாங்காய்க்கும் போட்டுவிட்டால் டிசைன் என்றே நினைப்பார்கள். பசை தடவி ஒட்டுகிற யோசனை வேண்டாம். மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை காய்ந்தால் ஊசியே இறங்காது.

சன்னல் ஓரத்தில் தையல் பளிச்சென்று தெரிகிறது என்றால் நூல் நிறத்தைப் பாருங்கள். மடிக்கிற துணி எதுவோ, அதாவது மேல் துணி, அதன் நிறத்தில்தான் நூல் இருக்க வேண்டும். மஞ்சள் துணியில் தைப்பதாக நினைத்து மஞ்சள் நூலை எடுத்திருப்பீர்கள்.

வெட்டும்போது அடித்துணியும் சேர்ந்து வெட்டுப்பட்டது

எனக்கு நடந்தது. சாயங்காலம், கரண்ட் போய் வந்த வெளிச்சத்தில், அவசரம். மேல் துணியைக் கிள்ளித் தூக்கி, அடித்துணியில் இருந்து பிரித்துப் பிடித்துக்கொண்டுதான் கத்திரியை நுழைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற நானே கிள்ளாமல் நுழைத்தேன், மஞ்சள் துணியில் நடுவாக முக்கால் இன்ச் வெட்டு.

பனாமா நாட்டுக் குனா பழங்குடிப் பெண்கள் தங்கள் ரவிக்கைக்கு மோலா என்று ஒன்று தைப்பார்கள், ரிவர்ஸ் அப்ளிக்கில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. இரண்டு, மூன்று, அதற்கும் மேலே துணிகளை அடுக்கி, சன்னலுக்குள் சன்னல் திறந்துகொண்டே போவார்கள். அந்த ஞாபகம் வந்தது. வெட்டுப்பட்ட மஞ்சளுக்கு அடியில் ஒரு பச்சைத் துண்டை வைத்து, வெட்டையே நடுக்கோடாக வைத்து ஒரு சின்ன விதை வடிவம் வரைந்து, அதையும் மடித்துத் தைத்தேன். மாங்காய்க்குள் கொட்டை வந்துவிட்டது. மற்ற மூன்று மாங்காயையும் வேண்டுமென்றே வெட்ட வேண்டியதாயிற்று, அதுதான் தண்டனை. வெட்டு ஓரமாகப் போயிருந்தால் இந்த வித்தை செல்லாது, அடித்துணியை உருவிவிட்டு வேறு வைக்க வேண்டியதுதான்.

சதுரம் சுருங்கிவிட்டது, நடுவில் துணி உப்புகிறது

சன்னல் தைத்தால் துணி கொஞ்சம் உள்ளே இழுக்கும், எவ்வளவு கவனமாகத் தைத்தாலும். ஆகவே மூலைச் சதுரத்தை முதலிலேயே 4 இன்ச் அளவில் வெட்டாதீர்கள். 5 இன்சாக வெட்டி, மாங்காய் வேலையை முடித்து, இஸ்திரி வைத்து, அப்புறம் எக்ஸ்ரே அட்டையை மாங்காய் நடுவில் வரும்படி வைத்து 3½ இன்ச் கோடு வரைந்து, கால் இன்ச் விட்டு நறுக்குங்கள்.

உப்புகிறது என்றால் கச்சாத் தையல் போதவில்லை. இரண்டு துணியையும் நீளமான நூலோட்டத்தில் சேர்த்துப் பிடித்துவைத்து, வேலை முடிந்ததும் உருவிவிடுவோமே, அதை மாங்காய்க் கோட்டுக்கு வெளியே அரை இன்ச் தள்ளி ஒரு சுற்று போடுங்கள், குண்டூசியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு துணியின் நேர் இழையும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

அடித்துணியின் நிழல் மேல் துணி வழியாகத் தெரிந்தால் பின்பக்கம் திருப்பி, மாங்காயைச் சுற்றிக் கால் இன்ச் மட்டும் விட்டு மீதி அடித்துணியை நறுக்கிவிடுங்கள். நூல் வாலையும் நறுக்குங்கள், கருப்பு நூல் வால் வெள்ளைத் துணிக்குள் மயிர் மாதிரித் தெரியும். போர்வைக்கு நடுவில் பஞ்சு வைக்கிற வழக்கம் நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது, நான் பழைய வேட்டியைத்தான் வைக்கிறேன், அதுவே நிழலையும் கொஞ்சம் மறைத்துவிடும்.

முதல் துவையலில் சாயம் இறங்கி மஞ்சள் மாங்காய் சிவந்துவிட்டது

வெட்டுவதற்கு முன்பே சோதித்திருக்க வேண்டும்: துணியின் மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்து இஸ்திரி அமுக்கினால் இறங்குகிற சாயம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அரக்கும் கருநீலமும் எனக்கு அடிக்கடி இப்படிச் செய்திருக்கின்றன. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும், வினிகர் ஊற்றினால் நிற்கும் என்று சொல்லுவார்கள். சாயமேற்றி முடித்த பருத்தித் துணியில் இரண்டும் சாயத்தைக் கட்டிப்போடாது. நிற்கிறவரை அலசுவதுதான் வழி, ஆறு ஏழு அலசலுக்குப் பிறகும் இறங்குகிற துணி என்றால் இந்தப் போர்வைக்கு அது வேண்டாம்.

நடந்துவிட்டதென்றால் முதல் விதி, காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு பெரிய டப்பில், போர்வை நன்றாக மிதக்கும் அளவுக்குத் தண்ணீரும், கை பொறுக்கிற அளவைவிடக் கூடுதலான சூடும், துவைக்கிற பவுடரும் போட்டு முழுக்க அமிழ்த்தி ராத்திரி முழுக்க வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அந்தக் கடினத் தண்ணீரில் நுரை சரியாக வராது, நல்ல தண்ணீர் வருகிற நாளாகப் பாருங்கள். காலையில் தண்ணீர் சிவந்திருந்தால் கொட்டிவிட்டு இன்னொரு தடவை. தண்ணீர் தெளிகிறவரை கொடிக்குக் கொண்டுபோகக் கூடாது. இது தெரியாத காலத்தில் என் முதல் போர்வையை நேராக மொட்டைமாடி வெயிலில் போட்டுவிட்டேன், அதில் ஒரு மாங்காய் இன்றைக்கும் செங்காயாகவே இருக்கிறது.